கும்மி ஆடத் தெம்பு, பள்ளிக்குப் போக இல்லையா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. எட்டு மாதங்களுக்கு முன் காய்ச்சல் வந்துபோனது. அன்றிலிருந்து ஓயாத அசதி. எவ்வளவு தூங்கினாலும் தெளிவில்லை. பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை. கோவையில் எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் குறையில்லை. நாள்பட்ட சோர்வு நோய் என்கிறார் மருத்துவர். ஆனால் மாரியம்மன் நோம்பியில் ஒரு மணி நேரம் வள்ளி கும்மி ஆடினாள். "அதற்கு மட்டும் தெம்பு வருகிறதா?" என்கிறார் அவள் அப்பா. இது நோயா, சோம்பலா?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: நோய்தான் அம்மா.

கும்மியைப் பற்றி எழுதினீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் அவள் எப்படி இருந்தாள் என்று எழுதவில்லை. நினைத்துப் பாருங்கள். தலை சீவக் கையைத் தூக்க முடியாமல் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா? வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் தாங்காமல் படுத்தாளா? இந்நோயின் முத்திரையே அதுதான். பட்ட பாட்டுக்கு உடல் அன்றே கணக்குக் கேட்பதில்லை. பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத்தான் கேட்கிறது. ஆடியதை ஊரே பார்த்தது. படுத்ததைப் பார்த்த வீடு, இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

என்னிடம் வரும் பெற்றோர், 'பரிசோதனையில் எதையோ விட்டுவிட்டார்கள்' என்று ரிப்போர்ட் கட்டை நீட்டுவார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தனியே கேட்டால், "நான் நடிக்கவில்லை டாக்டர்" என்பதுதான் முதல் பேச்சு. சில பிள்ளைகள் தங்களைத் தாங்களே சோம்பேறி என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வேதனை. இந்நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. ரத்தசோகை, தைராய்டு போன்றவை இல்லை என்று உறுதிசெய்யத்தான் பரிசோதனைகளை எடுக்கிறோம்.

"காலையில் ஓடினால் சரியாகிவிடும்" என்று விரட்டாதீர்கள். உடற்பயிற்சியை நாளுக்கு நாள் கூட்டும் பழைய முறையைப் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பே 2021 வழிகாட்டியில் கைவிட்டுவிட்டது. களைப்பதற்கு முன்பே நிறுத்துவதுதான் வழி. பள்ளியில் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து அரைநாள் வகுப்பு கேளுங்கள். எழுந்து நின்றால் கிறுகிறுப்போ படபடப்போ வந்தால், படுத்தும் நின்றும் நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்க மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு மருத்துவம் உண்டு. எடை குறைந்தாலோ, இரவில் காய்ச்சல் அடித்தாலோ, 'வாழப் பிடிக்கவில்லை' என்றாலோ உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியவர்களைவிட இந்த வயதுப் பிள்ளைகள் தேறுவது அதிகம்; ஆனால் மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். அடுத்த நோம்பிக்குக் கும்மியைத் தடுக்க வேண்டாம். முந்தைய நாளும் பிந்தைய இரண்டு நாளும் ஓய்வாக வைத்துக்கொண்டு, ஒரு பாட்டா, இரண்டு பாட்டா என்பதை அவளே முடிவுசெய்யட்டும்.