காற்றடைத்த ரப்பர் படகை எப்படிச் செய்கிறார்கள்? தையல் போடுவார்களா?

தையலே கிடையாது, எல்லாம் பசைதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சின்னப் பட்டறையில் 9 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். இங்கே 'ரப்பர் டக்' என்றால்தான் எல்லாருக்கும் புரியும். கரையிலேயே அலை எழுந்து உடைகிற கடல் இது, அதற்குள் முட்டி மோதித்தான் படகு வெளியே போக வேண்டும், அதனால் ஒட்டு சரியில்லை என்றால் உயிருக்கே ஆபத்து.

துணி பாலியஸ்டர். உள்பக்கம் காற்றைப் பிடித்து வைக்க நியோப்ரீன், வெளிப்பக்கம் வெயிலையும் உப்பையும் பெட்ரோலையும் தாங்க ஹைபாலான் பூசியிருப்பார்கள், இரண்டுமே செயற்கை ரப்பர். டுபாண்ட் நிறுவனம் 2010இலேயே ஹைபாலான் தயாரிப்பை நிறுத்திவிட்டது, இப்போது வருவது மற்றவர்கள் செய்கிற அதே வகை ரப்பர், ஆனால் பட்டறையில் பெயர் மாறவில்லை. பி.வி.சி. துணி என்றால் சூடான காற்றில் இளக்கியே இணைத்துவிடலாம், விலையும் குறைவு. ஆனால் எங்கள் வெயிலில் நாளாக நாளாகப் பிசுபிசுத்துப்போகும், அதை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.

அச்சு வைத்துத் துணியை வெட்டியதும் ஒட்டும் ஓரத்தை உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, டொலுயீன் என்ற கரைப்பானில் துடைத்து, இரண்டு பாகங்களைக் கலந்து செய்யும் பசையை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு மறுபடி பூசுவோம். அப்புறம் விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்ப்போம்: லேசாகப் பிடிக்க வேண்டும், பசை விரலோடு வரக்கூடாது. அந்த நேரத்தில் இரண்டு ஓரத்தையும் சேர்த்து, நடுவிலிருந்து வெளியே உருளையால் அழுத்த வேண்டும். அந்த இணைப்பின்மேல் உள்ளே ஒரு துணிப்பட்டை, வெளியே ஒரு துணிப்பட்டை ஒட்டுவோம்.

இதற்கு எதிரி ஈரக்காற்று. பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துவிடும், உடனே காற்றிலுள்ள ஈரம் கண்ணுக்கே தெரியாமல் அதன்மேல் படியும். நான் சேர்ந்த புதிதில் ஒரு பிப்ரவரி மழை நாளில் அவசரப்பட்டு ஒட்டினேன். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த எங்கள் மேஸ்திரி, பாட்டி பேசிக் கேட்ட தமிழ்தான் அவருக்கு, "பொறு தம்பி, பொறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அவரே வந்து பட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார், முழு நீளமும் தோல் மாதிரி உரிந்து வந்தது. அந்தப் படகு கடலுக்குப் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

படகின் காற்றுக் குழாய்க்குள் தடுப்புகள் வைத்து அறை அறையாகப் பிரிப்போம், ஒன்று கிழிந்தாலும் படகு மிதக்கும். காற்றழுத்தம் சுமார் 0.25 பார்தான், கார் டயரில் இருப்பதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. கடைசியில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, ஒரு முழு நாள் நிழலில் வைத்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்வோம். வெயிலில் வைத்தால் காற்று விரிந்து, கசிவு இருந்தாலும் அழுத்தமானியில் தெரியாது.

வாங்கப் போனால் பட்டையின் ஓரங்களை நகத்தால் நெம்பிப் பாருங்கள். எங்கேயாவது கிளம்பினால் அந்தப் படகு வேண்டாம்.