ஆஸ்தலினும் டூர் டி பிரான்ஸும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சைக்கிள் பந்தயம் பற்றி எழுதியதைப் படித்துத்தான் நானும் மகனும் டூர் டி பிரான்ஸ் பார்க்க ஆரம்பித்தோம். இப்போது ஜூலை வந்தால் வீட்டு டிவியில் வேறு எதுவும் ஓடாது. ஆனால் அலுவலக நண்பர் ஒருவர், "அத்தனை பேரும் ஊசி போட்டுக்கிட்டு ஓட்டறவங்க, இதைப் போய்ப் பார்க்கறீங்களே" என்று சிரிக்கிறார். டூரை ஜெயித்த பிரிட்டன் வீரர்கள் ஃப்ரூம், விகின்ஸ் இருவருமே ஆஸ்துமா என்று சொல்லி மருந்து எடுத்தவர்களாம். ஆஸ்துமாக்காரரால் எப்படி அந்த மலைகளை ஏற முடியும்? எனக்கு வேறொரு கவலையும் உண்டு. மகனுக்கு 14 வயது, மாவட்ட அளவில் சைக்கிள் போட்டிகளுக்குப் போகிறான். சின்ன வயதிலிருந்தே வீசிங். போட்டிக்கு முன்னால் ஆஸ்தலின் இன்ஹேலர் அடித்தால் ஊக்கமருந்துக் கணக்கில் வந்துவிடும், அடிக்காதே என்கிறார் பயிற்சியாளர். உண்மையா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

மகன் விஷயம் முதலில், டூர் காத்திருக்கும். பயிற்சியாளர் சொன்னது தவறு. ஆஸ்தலினில் இருப்பது சால்பியூடமால். சர்வதேச ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா, அதை இன்ஹேலரில் இழுப்பதற்கு ஓர் அளவுவரை அனுமதிக்கிறது. 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்தை எடுத்தாலும் 600-ஐத் தாண்டக்கூடாது. ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் என்றால் 8 மணி நேரத்துக்கு ஆறு அழுத்து. நானும் அந்த நீல டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவன்தான். ஆறு அழுத்து அடிக்கும் நிலை வந்தால் நான் சைக்கிளில் இருக்கமாட்டேன், ஆஸ்பத்திரியில் இருப்பேன். டாக்டர் சொன்னபடி போட்டிக்கு முன் இரண்டு அழுத்து அடிப்பதில் தப்பே இல்லை. இதில் ஒரு 'ஆனால்' உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆஸ்துமாக்காரர் எப்படி மலை ஏறுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பலருக்கு மலை ஏறித்தான் அது வருகிறது. மூச்சு முட்ட மிதிக்கிறவர் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறார். மூக்கு போதாமல் வாயால் இழுக்கிறார். குளிர்ந்த காற்று, காய்ந்த காற்று, மகரந்தம், தூசி எல்லாம் நேராக உள்ளே போகிறது. மூச்சுக்குழாய் காய்ந்து சுருங்குகிறது. நீச்சல்காரர்கள், பனிச்சறுக்குக்காரர்கள் நடுவிலும் இது சகஜம். எனவே ஆஸ்துமா என்றாலே நடிப்பு என்று உங்கள் நண்பர் நினைத்தால் அது சரியில்லை.

ஃப்ரூம் கதை இந்த இன்ஹேலர் கதைதான். 2017-இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் அவருடைய சிறுநீரில் சால்பியூடமால் ஒரு மில்லிலிட்டருக்கு 2000 நானோகிராம் இருந்தது. வரம்பு 1000. செய்தி டிசம்பரில் பத்திரிகைகளில் கசிந்தது. மூச்சுத்திணறல் அதிகமானதால் அணி டாக்டர் சொல்லி அளவைக் கூட்டினேன், அனுமதித்த அளவைத் தாண்டவில்லை என்றார் அவர். வழக்கு முடியாமலே 2018-இல் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தையும் ஜெயித்தார். டூர் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, ஜூலை 2-ஆம் தேதி, குற்றமில்லை என்று விடுவித்தார்கள். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீர் கெட்டிப்படும், அளவு கூடிக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் 2014 ஜீரோவில் 1900 வந்த இத்தாலிய வீரர் டியேகோ உலிசிக்கு ஒன்பது மாதத் தடை. அவருக்கும் நீர் வற்றியிருக்காதா? ஃப்ரூம் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய அணியின் வக்கீல்களும் நிபுணர்களும் உலிசிக்கு இருந்தார்களா என்று மட்டும் கேட்பேன்.

விகின்ஸ் விஷயம் வேறு. என்னை உறுத்துவது அதுதான்.

வாய்ப்புண் வந்தால் மருந்துக்கடையில் கெனகார்ட் என்று ஒரு சின்ன டியூப் கேட்டு வாங்குவோமே, அதே மருந்துதான் இது, டிரையாம்சினோலோன் என்கிற ஸ்டீராய்டு. விகின்ஸ் அதை ஊசியாகப் போட்டுக்கொண்டார். 2011 டூர், அவர் ஜெயித்த 2012 டூர், 2013 ஜீரோ என்று மூன்று பெரிய பந்தயங்களுக்கும் முன்னால். மகரந்த ஒவ்வாமைக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, முறைப்படி சிகிச்சை விலக்கும் (தடைசெய்த மருந்தை நோய்க்காக எடுக்கத் தரும் அனுமதி) வாங்கியிருந்தார்கள். 2016-இல் ரஷ்ய ஹேக்கர்கள் வாடாவின் கோப்புகளைத் திருடி வெளியிட்டதால்தான் ஊருக்குத் தெரிந்தது. முன்பு இதே மருந்தைத் தப்பாகப் பயன்படுத்திய முன்னாள் வீரர் டேவிட் மில்லர் சொன்னார்: எடை மளமளவென்று இறங்கும், கால் வலு இறங்காது. மலை ஏறுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? ஒவ்வாமை இருந்திருக்கலாம். ஆனால் மூக்கு ஒழுகுவதற்கு இவ்வளவு பெரிய ஊசியா, அதுவும் ஒவ்வொரு முறையும் பந்தயத்துக்குச் சில நாள் முன்பா?

அப்புறம் அந்தப் பொட்டலம். 2011 ஜூனில் ஒரு ஆள் இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி, பிரான்ஸில் நடந்த டோஃபினே பந்தயத்தின் கடைசி நாளில் ஒரு சின்ன உறையைக் கொண்டுவந்து விகின்ஸின் அணி டாக்டரிடம் கொடுத்தார். உள்ளே என்ன? ஃப்ளூயிமுசில், சளி கரைக்கிற மருந்து என்றார்கள். பிரான்ஸில் எந்த மருந்துக்கடையிலும் சில யூரோவுக்குக் கிடைப்பதற்கு ஒரு ஆளும் ஒரு விமான டிக்கெட்டும்! சரி, டாக்டரின் குறிப்பைக் காட்டுங்கள் என்றால், குறிப்பு இருந்த லேப்டாப் விடுமுறையில் திருடு போய்விட்டதாம். 'குற்றம் நிரூபிக்க முடியவில்லை' என்று விசாரணையை மூடினார்கள். பிரிட்டன் நாடாளுமன்றக் குழு மட்டும் 2018 அறிக்கையில், விதியை மீறவில்லை, அறத்தின் கோட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று எழுதியது. விகின்ஸ் அதை அடியோடு மறுத்தார்.

விகின்ஸ் போட்ட ஊசி மருந்துக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. அமெரிக்க வீரர் ஆர்ம்ஸ்ட்ராங் முதல்முறை ஜெயித்த 1999 டூரில் அவரிடம் சிக்கியதும் இதே டிரையாம்சினோலோன்தான். சீட் உரசி வந்த புண்ணுக்குத் தடவும் களிம்பு என்று ஒரு சீட்டை நீட்டினார்கள், சைக்கிள் சம்மேளனம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சீட்டே முன்தேதியிட்டு எழுதியது என்பது பதிமூன்று வருடம் கழித்து, அவருடைய ஏழு பட்டங்களையும் பறித்தபோது உறுதியானது. அந்த ஏழையும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர்களைப் பார்த்தால் ஏன் என்று புரியும், அவர்களிலும் பலர் ஊக்கமருந்துப் புகாரில் அடிபட்டவர்கள். அந்தக் காலத்தைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வது ஏறக்குறைய சரி. 1998-இல் ஃபெஸ்டினா அணி ஊழியர் ஒருவரின் காரை எல்லையில் நிறுத்திச் சோதித்தபோது நூற்றுக்கணக்கில், ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் இபிஓ மருந்துக் குப்பிகள் இருந்தன.

இன்றைக்கு? 2024 டூரில் பிளாட்டோ டெ பெய் மலையில், அந்தக் காலத்து வீரர் பாண்டானியின் பழைய நேரத்தை இன்றைய முன்னணி வீரர் போகாச்சர் மூன்று நிமிடத்துக்கும் மேலாக முந்தினார். போகாச்சர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதால் அதை மட்டும் வைத்து நான் நிம்மதி அடைவதில்லை. நேரத்தை மட்டும் வைத்துப் பழி போடவும் மாட்டேன். வண்டி மாறிவிட்டது, டயர் மாறிவிட்டது. மணிக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது, அந்தக் காலத்தில் அப்படிச் சாப்பிட்டிருந்தால் வழியிலேயே வாந்தி எடுத்திருப்பார்கள். 2022 முதல் பந்தய நாட்களில் அந்த வகை ஸ்டீராய்டு ஊசி எதற்கும் விலக்கு வாங்காமல் அனுமதி கிடையாது. விதி கொஞ்சமாவது இறுகியிருக்கிறது. நான் பார்க்கிறேன். ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது அந்த 'ஆனால்'. இன்ஹேலருக்குத்தான் அனுமதி. அதே சால்பியூடமாலை மாத்திரையாகவோ சிரப்பாகவோ விழுங்கினால் தடை. நம் ஊரில் இருமல் என்றவுடன் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டானிக்குகள் பலவற்றில் சால்பியூடமால் அல்லது டெர்பியூடலின் இருக்கிறது. டெர்பியூடலினை எந்த வடிவில் எடுத்தாலும் விலக்கு வேண்டும். நெபுலைசரில் வைக்கும் குப்பி ஒன்றிலேயே 2.5 மில்லிகிராம் இருக்கும், அதுவே ஒரு நாள் வரம்பைத் தாண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் இதையெல்லாம் யோசிக்காமல் நெபுலைசர் வையுங்கள். அவசர சிகிச்சைக்குப் பிறகும் விலக்கு கேட்க வழி உண்டு. அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி அலமாரியில் இருக்கும் இருமல் சிரப்பை இன்றைக்கே எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மகனையே படிக்கச் சொல்லுங்கள்.