கொடைக்கானல் காட்டேஜுக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: விடுமுறைக்காக கொடைக்கானலில் ஒரு காட்டேஜை இணையத்தில் பார்த்து, அங்கிருந்த வாட்ஸ்அப் எண்ணில் பேசி 12,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். "சிஸ்டத்தில் ஏறவில்லை, அதே தொகையை மறுபடி போடுங்கள், முதலில் போட்டது தானாகத் திரும்பிவிடும்" என்றார்கள். அதையும் அனுப்பினேன். நேரில் போனால் காட்டேஜ் இருக்கிறது, எங்கள் பெயரில் புக்கிங் இல்லை. நான்கு நாள் ஆகிறது. மதுரை போலீஸ், கொடைக்கானலில் புகார் கொடுக்கச் சொல்கிறது. வங்கியோ "நீங்களே அனுப்பியதுதானே" என்கிறது. என்ன செய்வது?
- வாசகர், மதுரை

பதில்: முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். இரண்டு பரிவர்த்தனைகளின் யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள அடையாள எண்), தேதி, நேரம் கையில் இருக்கட்டும். இந்தப் பணம் ஒரு கணக்கில் தங்காது, வேறு வேறு கணக்குகளுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். புகார் பதிவானதும் அது எங்கே நிற்கிறதோ அந்த வங்கி அங்கேயே முடக்கும். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் வாய்ப்பு அதிகம். நான்கு நாள் ஆனதால் முழுத்தொகையும் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

மதுரை போலீஸ் சொன்னது சரியல்ல. மின்னணுத் தகவல் மூலம் ஏமாற்றினால், அந்தத் தகவல் வந்து சேர்ந்த இடத்திலேயே விசாரிக்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 202-வது பிரிவு. வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு மதுரையில்தானே வந்தது? எல்லை எதுவானாலும் புகாரைப் பெற வேண்டும் என்று 173-வது பிரிவும் சொல்கிறது. மறுபடி மறுத்தால், அதே பிரிவின் கீழ் புகாரை மாநகரக் காவல் ஆணையருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். மோசடிக்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. இன்னொருவர் காட்டேஜைத் தங்களுடையது என்று ஆள்மாறாட்டம் செய்ததால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேரும். காட்டேஜ் உரிமையாளரிடம், "இந்த எண் எங்களுடையது அல்ல" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயரையும் கெடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் கொடுப்பார். அவர் மீது நுகர்வோர் வழக்கு போடுவதில் பயனில்லை, பணம் அவரிடம் போகவில்லை.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். பணம் முடக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும், அதோடு காத்திருந்துவிடுவார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு, பணத்தை உங்களிடம் ஒப்படைக்க உத்தரவு கேட்க வேண்டியிருக்கலாம். நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பியதால் வங்கியிடம் நஷ்டஈடு வாங்குவது கடினம். ஆனால் பரிவர்த்தனை விவரங்களைத் தர அவர்கள் மறுக்க முடியாது.

வீட்டில் திட்டுவார்களே என்று 24,000 ரூபாயை மறைத்துவிட்டு அமைதியாகிவிடாதீர்கள். உங்கள் புகார் பதிவானால்தான் அந்த எண்ணும் கணக்கும் அடுத்த குடும்பத்தை ஏமாற்றுவதற்கு முன் முடங்கும்.

இனி முன்பணம் கேட்டால், ரகசிய எண்ணை அழுத்தும் முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். காட்டேஜ் பெயரோ உரிமையாளர் பெயரோ இல்லாமல் சம்பந்தமே இல்லாத தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். "திரும்பி வரும், மறுபடி போடுங்கள்" என்று எந்த நேர்மையான விடுதியும் கேட்காது. கொடைக்கானல், ஊட்டி இ-பாஸுக்கு யாராவது காசு கேட்டால் அதுவும் மோசடியே. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் அமலில் உள்ள அந்தப் பாஸ் அரசு இணையதளத்தில் இலவசம்.