வண்டி கேள்வி பதில்: ரிவர்ஸ் லைட்டும் லோடு லைட்டும்

ராணிப்பேட்டை தோல் ஷெட்டுகளுக்கு உப்புத் தோல் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். ரிவர்ஸ் லைட் மங்கிக்கொண்டே வந்ததால் இரண்டு பக்கமும் எல்.இ.டி. பல்பு போட்டேன். இடது பக்கம் எரியவே இல்லை, வலது பக்கம் விட்டு விட்டு எரிகிறது. பல்பு கோளாறா?
- வாசகர், ராணிப்பேட்டை

பல்பைக் குறை சொல்வதற்கு முன் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். உப்புத் தோலிலிருந்து வடிகிற தண்ணீர் பின்கதவு இடுக்கு வழியாக இறங்கி டெயில் லைட் மேல்தான் சொட்டும். ஹோல்டருக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கோளாறு அங்கேதான். பழைய பல்பு மங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கும். எல்.இ.டி. போட்டால் துரு போகாது.

உறுதி செய்துகொள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போடுங்கள். பழைய 21 வாட் பல்பை மாட்டி எரியவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை ஹோல்டரின் உலோக ஓட்டிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் (கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) நன்றாக இருக்கிறது. 1, 2 வோல்ட் காட்டினால் அத்தனையையும் துரு தின்கிறது. சாதா பல்புக்கு 2 வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பல்பு எரியும்போதுதான் அளக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட் பார்த்தால், துருப்பிடித்த இணைப்பிலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டி உங்களை ஏமாற்றும். கரன்ட் ஓடாத இடத்தில் இழப்பு தெரியாது.

இனி சுத்தம் செய்யும் வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஹோல்டரை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பைப் போக்குங்கள். வெயிலில் நன்றாக உலர்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாளால் உள்சுவரையும் நடுப் புள்ளியையும் பளபளக்கத் தேயுங்கள். எர்த் ஒயர் சேஸிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவைத்து, பல் வாஷர் போட்டு முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். முடுக்குவதற்கு முன்பே அப்பினால் பிடிப்பு சரியாக வராது. ஓடு துருவில் அரித்துப் பொத்தலாகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஹோல்டரையே மாற்றிவிடுங்கள்.

இடது பக்கம் எரியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதா பல்பின் அடியில் ஈயப் பொட்டு மேடாக இருக்கும். சில எல்.இ.டி. பல்புகளில் அது தட்டையாக இருக்கும். துருவால் தளர்ந்த ஸ்பிரிங் அந்த அரை மில்லிமீட்டரை எட்டாது. விரலால் பல்பை உள்ளே அழுத்தும்போது மட்டும் எரிந்தால் கோளாறு ஸ்பிரிங்கில்தான். அதை நிமிர்த்திவிடுங்கள், அல்லது மாற்றுங்கள்.

கடையில் 50 வாட், 6000 லூமன் என்று அட்டையில் போட்ட எல்.இ.டி. ரிவர்ஸ் பல்பு தருகிறார்கள். நம்பி வாங்கலாமா?
- வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

அந்த எண்களை நம்ப வேண்டாம். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. 50 வாட் என்றால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். கட்டைவிரல் அளவு பல்பில் அவ்வளவு சூடு பிறந்தால் உள்ளே ஒளி தரும் சில்லு சில நிமிடத்தில் கருகிவிடும். மீட்டரை வரிசையில் இணைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அரை ஆம்பியருக்குள்தான் காட்டும். கம்பெனி கொடுத்த சாதா 21 வாட் பல்பே 460 லூமன் அளவில்தான் தருகிறது. உண்மையான 500, 600 லூமன் கிடைத்தால் பின்னால் பார்க்கத் தாராளம்.

சில்லுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சாதா பல்பின் இழை நாலா பக்கமும் ஒளி வீசும், பின்னால் உள்ள பிரதிபலிப்பான் அதைப் பரப்பும். நுனியில் மட்டும் சில்லு வைத்த எல்.இ.டி. பிரதிபலிப்பானைத் தொடாமல் நேரே ஒரு பொட்டு வெளிச்சத்தை அடிக்கும். நடுவில் கண் கூசும், ஓரத்தில் இருக்கிற கல்லும் பள்ளமும் தெரியாது. சுற்றிலும் சில்லு வைத்ததை எடுங்கள். இரவில் சுவருக்கு 3 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஒரு பக்கம் பழையது, மறு பக்கம் புதியது போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கிவிடும்.

அடியில் ஒற்றைப் புள்ளி, பக்கவாட்டில் எதிரெதிரே சம உயரத்தில் இரண்டு முளை உள்ள பல்பு உங்களுக்கு வேண்டியது. முளைகள் ஏறுமாறாக இருந்தால் அது பிரேக்-டெயில் பல்பு, ஹோல்டருக்குள் இறங்காது. நீளத்தையும் பழையதோடு ஒப்பிடுங்கள், நீண்டால் லென்ஸில் முட்டும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பது நல்லது. இன்ஜின் ஓடும்போது வண்டியில் 14 வோல்ட்டுக்கு மேலும் ஏறும். நிறம் 5000 கெல்வின் போதும், எண் கூடினால் நீலமடிக்கும். நீலமடிக்கும் வெளிச்சம் மழையிலும் புழுதியிலும் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும்.

ஜவ்வாது மலைப் பலாப்பழ லோடு விடியற்காலையில் இறக்குகிறோம். லோடு பாடியில் எல்.இ.டி. விளக்கு வைக்க வேண்டும். ரிவர்ஸ் லைட் ஒயரிலிருந்தே எடுக்கலாமா?
- வாசகர், ஒடுகத்தூர்

வேண்டாம். அப்படி எடுத்தால் லோடு இறக்கும் நேரம் முழுக்க ரிவர்ஸ் கியரில் நிறுத்த வேண்டியிருக்கும். அது ஆபத்து. தனி லைன் இழுங்கள்.

9 வாட் விளக்கு இரண்டு வாங்கிக் கேபின் பின்சுவரின் இரண்டு மேல் மூலைகளிலும் பொருத்துங்கள். நடுவில் ஒன்றே வைத்தால் ஏறி நிற்பவரின் நிழல் லோடு மேல் விழும், காம்பு எது கை எது என்று தெரியாது. பலா உருண்டு மோதினால் உடையாதபடி கம்பி வலை அவசியம். இரண்டும் சேர்த்து 1.5 ஆம்பியர்தான். 1 சதுர மி.மீ. ஒயரும் 5 ஆம்பியர் ஃபியூஸும் போதும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். தள்ளி வைத்தால் அதற்கு முந்திய ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது. தகடு துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். ஒயர் விளக்குக்குள் நுழையும் முன் தொங்கலாக ஒரு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். சைலன்ஸர் பக்கம் ஒயரைக் கொண்டுபோகாதீர்கள்.

எரிந்தால் சிவப்பு பொட்டு காட்டும் சுவிட்சாக டேஷ்போர்டில் வையுங்கள். ஓடும் வண்டியில் பின்னால் வெள்ளை வெளிச்சம் தெரியக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 108-ஆவது விதி ரிவர்ஸ் எடுக்கும்போதும் நம்பர் பிளேட்டுக்கும் அதில் விலக்கு தருகிறது. விளக்கைத் தரை பார்க்கச் சாய்த்து, லோடு முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் எரிந்தாலும் 3 ஆம்பியர்-மணிதான் செலவு, காலையில் ஸ்டார்ட் ஆக பேட்டரியில் மிச்சம் இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் எரிகிற விளக்கு இது. சித்திரை வெயிலில் காய்ந்த தகட்டில் சூடு இறங்க இடமில்லாத பிளாஸ்டிக் உடல் விளக்கு சீக்கிரம் மங்கும். அலுமினிய உடலாகப் பார்த்து வாங்குங்கள்.

இண்டிகேட்டருக்கும் எல்.இ.டி. போட்டேன். இப்போது படபடவென்று வேகமாக மினுக்குகிறது. ஏன்?
- வாசகர், ஆரணி

இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் பழைய பிளாஷர் ரிலே, பல்பு இழுக்கும் கரன்ட்டைப் பார்த்தே இயங்குகிறது. எல்.இ.டி. குறைவாக இழுப்பதால் பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதென்று நினைத்து வேகம் காட்டுகிறது. எல்.இ.டி.க்கான எலெக்ட்ரானிக் பிளாஷர் ரிலே மாற்றினால் சரியாகிவிடும். சிலர் கரன்ட்டைக் கூட்டுவதற்காகப் பல்போடு 6 ஓம் ரெசிஸ்டரைக் கட்டுவார்கள். அது 30 வாட் சூட்டைக் கக்கும், பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டால் உருக்கிவிடும். ரெசிஸ்டர்தான் வழி என்றால் இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு மாட்டுங்கள்.