உடுக்கையும் ஹெட்போனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரவில் தூக்கம் பிடிக்காமல், மூன்று மாதமாக யூடியூபில் ‘தீட்டா 6 ஹெர்ட்ஸ்’ என்று, தூக்கக் கலக்கத்தில் எழும் மெதுவான மூளை அலையின் பெயரில் வரும் பைனாரல் பீட் ஒலியைப் போனில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக் கேட்டுவருகிறேன். சில நாள் தூக்கம் வருகிறது, பல நாள் வருவதில்லை. ஒலியைக் கொண்டு மூளை அலையை நாம் விரும்பும் நிலைக்கு இழுத்துவிடலாம், நம் ஊரில் உடுக்கையும் பம்பையும் சாமியை வரவழைப்பது இதே கணக்கில்தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? இன்னொன்று. அம்மாவுக்கு 68 வயது. கொஞ்ச நாளாக மறதி கூடியிருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் மறதி நோய் குறையும் என்று உறவினர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாமா?

செல்வி, துறையூர்

அன்புள்ள செல்வி,

முதலில் போனைத் தலைமாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கரில் போட்டால் அது பைனாரல் பீட்டே அல்ல. மூன்று மாதமாக நீங்கள் கேட்டது வேறொன்று.

பிளஸ் ஒன் இயற்பியலில் ‘விம்மல்’ என்று ஒரு பாடம் வரும். 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வு), 206 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுரங்கள் ஒரே அறையில் ஒலித்தால் காற்றிலேயே கலந்து, நொடிக்கு 6 முறை ஒலி ஏறி இறங்கும். தம்புரா சுருதி சேர்ப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. நடுவில் உள்ள இரண்டு சாரணிக் கம்பிகளும் ஒரே ஸட்ஜத்தில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ‘வ்வா... வ்வா...’ என்று ஓர் அலை கேட்கும். கம்பியில் கோத்த மணியை நகர்த்த நகர்த்த அலை நீண்டுகொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே சுருதி சேர்ந்துவிட்டது.

பைனாரல் பீட்டில் காற்றில் எதுவும் கலப்பதில்லை. இடது காதுக்கு 200 மட்டும், வலது காதுக்கு 206 மட்டும். ஆனாலும் தலைக்குள் மெல்லிய அலை ஒன்று கேட்கும். 1840-களை ஒட்டி ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் டோவே இதைக் கவனித்தார். மூளைத்தண்டில் ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. ஒரு சத்தம் எந்தக் காதுக்கு முந்தி வந்தது என்று ஒப்பிட்டு, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்வது அதன் வேலை. நம் தலையின் அகலத்துக்கு அந்த முந்தல் அதிகம் போனால் நொடியில் ஆயிரத்தில் 0.7 பங்குதான். இரு காதிலும் சற்றே வேறுபட்ட சுரம் கேட்கும்போது, அந்த ஒப்பீடு ஓரிடத்தில் நிலைக்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. அந்த வழுக்கலைத்தான் அலையாகக் கேட்கிறோம். செவி நரம்பு ஒவ்வோர் அதிர்வுக்கும் தாளம் தவறாமல் துடித்தால்தான் இது நடக்கும். சுரம் 1000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அலை மங்கிவிடும். 1973-இல் ஜெரால்ட் ஆஸ்டர் என்ற உயிரியற்பியலாளர் எழுதிய கட்டுரைதான் இந்த விஷயத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 440 ஹெர்ட்ஸை ஒட்டித் தெளிவாகக் கேட்கும் என்றும், வித்தியாசம் சுமார் 30-ஐத் தாண்டினால் அலை மறைந்து இரண்டு தனிச் சுரங்களாகப் பிரிந்துவிடும் என்றும் அவர் எழுதினார்.

இணையத்தில் கிடைக்கும் ஒலி உண்மையில் பைனாரலா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஹெட்போனை இரு காதிலும் மாட்டி அலையைக் கேளுங்கள். ஒரு பக்கத்தைக் கழற்றுங்கள். அலை சட்டென்று நின்று வெறும் சமன் சுரம் மட்டும் மிஞ்சினால் சரி. ஒரு காதிலேயே அலை தொடர்ந்தால், கோப்பிலேயே இரண்டும் கலந்திருக்கிறது, அல்லது போனில் ‘மோனோ ஆடியோ’ ஓடிக்கொண்டிருக்கிறது. அது அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் இருக்கும், அணைத்துவிடலாம். மழைச் சத்தமும் புல்லாங்குழலும் மேலே பூசிய கோப்புகளில் பெரும்பாலும் அலை மூழ்கிப்போய்விடுகிறது.

நீங்களே செய்துகொள்வது இன்னும் நல்லது. ஆடாசிட்டி, ஒலியைத் தொகுக்கும் இலவச மென்பொருள். அதில் சைன் அலை, 200 ஹெர்ட்ஸ், வீச்சு 0.1, நீளம் 20 நிமிடம் என்று ஒரு மோனோ டிராக் உருவாக்குங்கள். 206-க்கு இன்னொன்று. முதல் டிராக்கின் பேன் குமிழை முழு இடதுக்கும், இரண்டாவதை முழு வலதுக்கும் தள்ளுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பத்து நொடி ஃபேட் (ஒலி மெல்ல ஏறுவதும் இறங்குவதும்) கொடுக்காவிட்டால் ‘டப்’ என்று காதில் அடிக்கும். வேவ் கோப்பாகச் சேமியுங்கள். குறைந்த பிட்ரேட் எம்பி3 இரு பக்கங்களையும் ஒன்றாகச் சுருக்கும்போது பிரிவு கெட்டுப்போகலாம். வேறொருவர் செய்த கோப்பைச் சோதிக்க, ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும், எத்தனை ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடம் போடுங்கள். அளவை 65536 என்று வைத்தால் 200-உம் 206-உம் தெளிவாகப் பிரிந்து தெரியும். 2048 என்று விட்டால் ஒவ்வொரு கட்டமும் 21 ஹெர்ட்ஸ் அகலம், இரண்டும் ஒரே மேடாகத்தான் தெரியும். சிலர் வரைபடத்தில் 6 ஹெர்ட்ஸைத் தேடிவிட்டு, காணோமே, ஏமாற்றிவிட்டார்களே என்கிறார்கள். அது அங்கே இருக்காது. அது கோப்பில் இல்லை, தலைக்குள்தான் உண்டாகிறது.

இனி முக்கியமான கேள்வி. இத்தனையும் சரியாகச் செய்தால் மூளை அந்த நிலைக்குப் போய்விடுமா?

மூளை தாளத்தைப் பின்தொடர்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை வைத்துத்தான் மருத்துவமனைகளில் கைக்குழந்தைகளின் கேட்கும் திறனை அளக்கிறார்கள். குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்முனை ஒட்டி, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் சுரங்களை நொடிக்கு 80 முதல் 100 முறை ஏறி இறங்கச் செய்து காதுக்குள் விடுவார்கள். காது கேட்டால், மூளையின் மின்பதிவில் அதே எண்ணிக்கையில் ஒரு சிறு துடிப்பு தெரியும். ஒரு மைக்ரோவோல்ட்டில் சிறு பங்குதான். சாதாரண மூளை அலையோ பல பத்து மைக்ரோவோல்ட் இருக்கும். அதனால் பல நிமிடப் பதிவைச் சராசரி எடுத்தால்தான் இந்தத் துடிப்பு கண்ணுக்கே படும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தச் சோதனையைக் குழந்தை நன்றாகத் தூங்கும்போதுதான் செய்கிறார்கள். மூளை நொடிக்கு 80 முறை பின்தொடர்கிறது, குழந்தையோ அசையாமல் தூங்குகிறது. பின்தொடர்வதும் நிலை மாறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நிலைமை தலைகீழாகவும் இருக்கிறது. நொடிக்கு 40 முறை துடிக்கும் ஒலிக்கு, விழித்திருக்கும் பெரியவரின் மூளை நன்றாகவே பதில் தரும். தூங்கினால் அந்தப் பதில் சுருங்கும். அறுவைக்கு முழு மயக்கம் கொடுத்தால் அநேகமாக மறைந்தேபோகும். ஒலி அங்கே மாறவில்லை, மூளையின் நிலைதான் மாறியது. நிலைதான் ஒலிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று முடிவு செய்கிறது.

‘கேட்டபின் ஆல்ஃபா என்ற மூளை அலை கூடியது’ என்று வரைபடம் காட்டுவார்கள். 1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளை அலையைப் பதிவு செய்தார். 1929-இல் வெளியிட்ட கட்டுரையில் தொடங்கிய அவருடைய ஆராய்ச்சியிலேயே, நொடிக்கு 8 முதல் 13 வரையிலான அந்த ஆல்ஃபா அலை கண்ணை மூடினாலே எழும், திறந்தால் அடங்கும் என்று தெரிந்துவிட்டது. ஹெட்போன் மாட்டியவர் கண்ணை மூடியிருந்தால் ஆல்ஃபா கூடத்தானே செய்யும்? கண்ணை மூடி வெறும் சமன் சுரம் கேட்ட குழுவோடு ஒப்பிட்டால்தான் அந்த வரைபடத்துக்குப் பொருள் உண்டு. பைனாரல் ஒலி மூளை அலையை இழுக்கிறதா என்று பார்த்த 14 ஆய்வுகளை 2023-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 5 ஆய்வுகள் ஆம் என்றன, 8 இல்லை என்றன, ஒன்று இரண்டும் கலந்தது.

ஒலியால் உறக்கத்தின் அலையை உண்மையிலேயே வலுப்படுத்திக் காட்டிய சோதனை ஒன்றும் உண்டு. 2013-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் செய்தது. ஆழ்ந்த உறக்கத்தில் மூளை அலை நொடிக்கு ஒன்றுக்கும் குறைவாக, மெதுவாக ஏறி இறங்கும். கருவி அந்த அலையை அப்போதைக்கப்போது படித்து, அது மேலேறும் தருணத்தில் மட்டும் 50 மில்லிநொடி நீளமுள்ள மெல்லிய இரைச்சல் ஒன்றைக் காதில் இடும். இரண்டு முறை இட்டுவிட்டுச் சற்று ஓயும். அலைகள் வலுத்தன. முந்தின இரவு படித்த சொல் ஜோடிகளும் மறுநாள் கூடுதலாக நினைவிருந்தன. அதே இரைச்சலை அலை கீழிறங்கும் நேரத்தில் இட்டபோது அந்தப் பலன் இல்லை. ஆகவே வேலை செய்தது சத்தம் மட்டுமல்ல, காத்திருந்து இட்ட சத்தம். யூடியூப் கோப்புக்கு உங்கள் மூளை இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

உடுக்கை இங்கேதான் வேறுபடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ நெஹர் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆய்வகத்தில் நொடிக்கு 3 முதல் 8 அடி வரை முரசு அடித்து, மூளை அடிக்கு அடி பதில் தருவதைப் பதிவு செய்தார். அருள் வருவதன் ரகசியம் இதுதான் என்று பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியானால் முதலில் யாருக்கு வர வேண்டும்? உடுக்கையைத் தோளோடு ஒட்டிப் பிடித்து இரவெல்லாம் அடிப்பவரின் காதுதானே அதற்கு மிக அருகில் இருக்கிறது? அவர் நிதானமாகத்தான் இருக்கிறார். வருவது சாமியாடிக்கு. அவர் காப்புக் கட்டியிருக்கிறார், விரதம் இருக்கிறார், கண்விழித்திருக்கிறார், சாம்பிராணிப் புகையில் நிற்கிறார், எந்தச் சாமி எந்தப் பாட்டுக்கு வரும் என்று சிறுவயது முதல் அறிந்தவர். எதிரே ஊரே காத்து நிற்கிறது. உடுக்கைக்காரரின் கண் அவருடைய பாதத்திலும் தோளிலும் இருக்கும். தோள் குலுங்கத் தொடங்கியதும் நாடாவை அழுத்திச் சுருதியை ஏற்றுவார், அடியை நெருக்குவார். தளர்ந்தால் தானும் தளர்த்தி, மறுபடி பிடிப்பார். ஆளைப் படித்து அடிக்கும் கை அது. ‘தீட்டா உடுக்கை’ என்று அதைப் பதிவு செய்து விற்பவர்கள் விட்டுவிடுவது அந்தக் கண்ணைத்தான்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். சில நாள் தூக்கம் வந்ததும் பொய்யில்லை. சீரான தாழ்ந்த ஒலி தெருச் சத்தத்தை மூடுகிறது, தினமும் ஒரே நேரத்தில் கேட்பதும் உடம்பைப் பழக்குகிறது. அதற்கு மின்விசிறியே போதும். தாளத்தை வைத்து உடம்பை அமைதிப்படுத்த வேண்டும் என்றால், மூளையை நேராக இழுக்கப் பார்ப்பதைவிட மூச்சு வழியாகப் போவது உறுதியானது. 2001-இல் இத்தாலியின் லுச்சியானோ பெர்னார்டி குழு 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரமும் சொல்லவைத்து அளந்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப இதயத் துடிப்பைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலும் கூர்மையானது.

இதை ஆதி தாளத்தில் செய்யலாம். சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 48-இல் வையுங்கள். ஒரு அட்சரம், அதாவது ஓர் எண்ணிக்கை, 1.25 நொடி. எட்டு அட்சரம் சேர்ந்த ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, சரியாக 10 நொடி. முதல் பாதியான லகுவின் நான்கு எண்ணிக்கைக்கு மூக்கால் மூச்சு உள்ளே, இரண்டு திருதத்தின் நான்குக்கு வெளியே. சுருதிப் பெட்டியை மெல்ல ஓடவிடலாம். உட்கார்ந்தபடி பத்து நிமிடம், அதாவது 60 ஆவர்த்தனம். பலரும் இங்கே செய்யும் பிழை, மெதுவாக இழுப்பதோடு நிறைய இழுப்பதும். விரல் நுனி மரத்தால், தலை லேசாகச் சுற்றினால், கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது என்று பொருள். வேகத்தை மாற்றாமல் மூச்சின் அளவைப் பாதியாக்குங்கள். 48 திணறடித்தால் 60-இல் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை 4 குறையுங்கள். முடித்ததும் மெட்ரோனோமை அணைத்துவிட்டுப் படுங்கள். அந்த டிக்டிக்கே விழிக்கவைக்கும். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை என்பதை ஒரு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒலியோடு மின்னும் விளக்குக் கண்ணாடியும் சேர்த்து விற்கிறார்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மின்னிய ஒரு காட்சியால் 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

அம்மா விஷயம். 40 ஹெர்ட்ஸ் செய்தியின் மூலம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் லி-ஹுவே ட்சாய் குழு செய்த ஆய்வு. அல்சைமர் என்ற மறதி நோயின் மரபணு மாற்றம் புகுத்திய எலிகளுக்கு 2016-இல் நொடிக்கு 40 முறை மின்னும் ஒளியும், 2019-இல் அதே வேகத்தில் ஒலியும் காட்டியபோது அந்த நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவு குறைந்தது. 2023-இல் நியூயார்க்கில் வேறொரு குழு ஒளியை வைத்துச் செய்து பார்த்தபோது அந்தக் குறைவு தென்படவில்லை. மனிதர்களிடம் சோதனைகள் நடக்கின்றன. அம்மாவுக்கு மெல்லிய ஒலியில் போட்டால் கெடுதல் வரப்போவதில்லை, ஆனால் அதை நம்பி மாதங்களைக் கடத்திவிடாதீர்கள். முதலில் பி12 வைட்டமின், தைராய்டு ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், மனச்சோர்வு இருக்கிறதா என்ற விசாரிப்பு. இவற்றில் எது காரணமானாலும் சரிசெய்ய வழி உண்டு. கூடவே காதையும், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஓர் ஆடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். நடுவயதில் தொடங்கும் செவித்திறன் குறைவை மறதி நோய்க்கான முக்கியக் காரணிகளில் ஒன்றாக மருத்துவ உலகம் இன்று வைத்திருக்கிறது. பேசுவது பாதி கேட்காதவர் மறந்துவிட்டவர்போலத் தோன்றுவதும் உண்டு. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைக்கிறாரா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாரா என்று இந்த வாரம் கவனித்துப் பாருங்கள்.

அன்புடன்.