காகத்தின் வடையும் பேரனின் சந்தேகமும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளின் குடும்பத்தோடு வசிக்கிறேன். தரம் 3இல் படிக்கும் பேரனுக்கு ஒருநாள் காகமும் நரியும் கதையைச் சொல்லி, "புகழுகிறவர்களை நம்பக்கூடாது" என்று முடித்தேன். அன்றிலிருந்து யார் பாராட்டினாலும் முகத்தைச் சுருக்கிக்கொள்கிறான். போன கிழமை அவனுடைய கொப்பியைப் பார்த்து, "வடிவாக எழுதியிருக்கிறாய்" என்றேன். "இப்ப என்னட்ட என்ன வேணும், அம்மம்மா?" என்று கேட்டுவிட்டான். மகள் சிரித்தாள், எனக்கு நெஞ்சு சுட்டது. கதையைச் சொன்னது என் பிழையா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

கதையைச் சொன்னது பிழையில்லை. முடித்த விதத்தில்தான் சிறு பிசகு. "புகழுகிறவர்களை நம்பக்கூடாது" என்பது கதைக்குள் இருக்கும் வாசகம் அல்ல. வகுப்பறையின் வசதிக்காக நாம் அதன் வாலில் கட்டிவிட்டது. உங்கள் பேரன் அதை நாம் எதிர்பார்த்ததற்கும் மேலாக உண்மையாகக் கைக்கொண்டுவிட்டான்.

உங்கள் கவலை பழையது. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் 1668இல் வெளியிட்ட தொகுதியில் இந்தக் கதை செய்யுளாக இருக்கிறது. 1762இல் வெளிவந்த 'எமீல்' என்ற கல்வி பற்றிய நூலில் தத்துவஞானி ரூசோ அந்தச் செய்யுளை வரிவரியாக எடுத்து வைத்துக்கொண்டு, இதைச் சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாது என்று வாதாடினார். பிள்ளைகள் காகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் நரியின் பக்கமே சாய்வார்கள் என்பது அவருடைய பயம். உங்கள் பேரன் நரியாக விரும்பவில்லை, ஏமாறாத காகமாக இருக்கவே பார்க்கிறான். அந்த அளவில் ரூசோவின் கணக்கு உங்கள் வீட்டில் பிழையாகிவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாம்.

இனிக் கதைக்கு வருவோம். ஈசோப்பின் பெயரால் வழங்கும் கிரேக்கக் கதையில் காகத்தின் வாயில் இருப்பது இறைச்சித் துண்டு. உரோமப் புலவர் ஃபீட்ரஸ் அதை யன்னலில் களவெடுத்த பாற்கட்டியாக்கினார். நம்மிடம் வந்தபோது அது ஆச்சி சுட்ட வடையாயிற்று. பண்டம் மாறியதில் ஒன்றுமில்லை. நரியின் பேச்சு மாறியதுதான் கவனிக்க வேண்டியது. நாம் சொல்லும் கதையில் நரி, "உன் குரல் இனிமையானது, ஒரு பாட்டுப் பாடு" என்று கேட்கிறது. பழைய கதையில் அது அப்படிக் கேட்கவேயில்லை. காகத்தின் தோற்றத்தையும் அழகையும் முதலில் புகழ்ந்துவிட்டு, பறவைகளுக்கெல்லாம் தலைமை தாங்க உன்னைவிடத் தகுந்தவர் இல்லை, குரல் மட்டும் இருந்திருந்தால், என்று ஒரு குறையை மெல்லத் தொட்டு நிறுத்துகிறது. காகம் வாயைத் திறந்தது புகழில் மயங்கியதால் மட்டுமல்ல, தனக்குக் குரல் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தினாலும்தான். காகத்தின் சிறகு மினுங்குவது பொய்யல்ல என்பதையும் பாருங்கள். இச்சகம் பேசுகிறவன் உண்மையில் தொடங்கி, நம் மனம் நோகும் இடத்தில் கைவைத்து, உடனே ஒரு காரியத்தை எதிர்பார்த்து நிற்கிறான். இது எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. (வடையைக் காலுக்குள் வைத்துக்கொண்டு கரையும் கெட்டிக்காரக் காகத்தின் கதையை இப்போது பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வடை விழாவிட்டால் கதையில் யோசிக்க என்ன மிஞ்சுகிறது?)

புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் பௌத்த சாதகக் கதைகளில் 294ஆவதையும் அவனுக்குச் சொல்லிப் பாருங்கள். அதில் வருவது நமது ஊர்ப்பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான நாவல் மரம். கிளையிலிருந்து பழம் தின்னும் காகத்தை, இளமயில் போலக் கூவுகிறாய் என்று நரி புகழுகிறது. காகமும், நீயோ இளம்புலி போன்ற உடலழகன், நற்குலத்தவனுக்குத்தான் நற்குலத்தவனைத் தெரியும் என்று பதிலுக்குப் புகழ்ந்து, கிளையை உலுப்பிப் பழம் விழுத்துகிறது. மரத்திலிருந்த தேவதைக்கோ பொறுக்கவில்லை. எச்சிலும் பிணமும் தின்னும் இரண்டு பொய்யர்கள் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்கிறீர்களா என்று இரண்டையும் துரத்திவிடுகிறது. நம்மூர் விழா மேடைகளில் இவர் அவருக்கும் அவர் இவருக்கும் பொன்னாடை போர்த்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாவல் மரம் நினைவுக்கு வரும். பந்தம் பிடிப்பவனுடைய முகத்திலும் வெளிச்சம் விழத்தானே செய்கிறது. உலுப்பிக் கொடுக்கப்பட்ட பழம் காகத்தின் சொந்தப் பழமல்ல என்பதையும் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் ஆசிரியை, பொறுத்துக்கொள்வீர்கள். "இப்ப என்னட்ட என்ன வேணும்?" என்ற கேள்வியை அவன் கதையிலிருந்து மட்டும் எடுத்திருப்பானா? "என்ர கெட்டிக்காரப் பிள்ளையெல்லே, ஓடிப்போய் ரெண்டு நெட்டு கறிவேப்பிலை முறிச்சுக்கொண்டு வா" என்று நம் குசினிகளில் நாளுக்கு எத்தனை தரம் கேட்கிறது! அன்போடுதான் சொல்கிறோம். என்றாலும் புகழும் ஏவலும் ஒரே மூச்சில் வருவதை அவன் கண்டுகொண்டான். கதை அதற்கு ஒரு பெயர் கொடுத்தது. ஆகவே அந்தக் கேள்வியை வாய்க்காட்டல் என்று அடக்காதீர்கள். "ஒன்றும் வேண்டாம், எழுத்து வடிவாக இருந்தது, சொன்னேன்" என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டு, உண்மையிலேயே ஒன்றும் கேட்காமல் எழுந்து போங்கள். ஒரு நாளில் தீராது. சில கிழமைகள் ஆகலாம்.

எப்போது யாரைப் புகழுவது என்பதற்கு ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்றை நீங்கள் படிப்பித்துமிருப்பீர்கள். நண்பனை அவன் இல்லாத இடத்தில் புகழ வேண்டும், ஆசிரியரை எங்கும் புகழலாம், பிள்ளைகளை நெஞ்சுக்குள், "வினையாளை வேலை முடிவில்" என்று அது போகும். பிள்ளைகளை நெஞ்சுக்குள் மட்டும் மெச்சிக்கொள்ளும் பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். நம் தலைமுறையில் அந்தக் கஞ்சத்தனத்தால் வாடியவர்கள் பலர். ஆனால் வேலை முடிவில் என்ற சொல்லைப் பேரனுக்கும் பொருத்தலாம். "கெட்டிக்காரன்" என்று ஆளை மெச்சுவதை விட்டு, "முந்தி 'ழ' எழுதினால் கோட்டுக்கு வெளியே போகும், இந்தப் பக்கத்தில் ஒன்றும் போகவில்லை" என்று செய்த வேலையைக் காட்டிச் சொல்லுங்கள். கொப்பியைப் பிரித்து அவனே சரிபார்க்கக்கூடிய புகழ்ச்சியில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கறிவேப்பிலை தேவைப்படும்போது, "கறிவேப்பிலை முறிச்சுக்கொண்டு வா, ராசா" என்று மட்டும் கேளுங்கள். கொண்டு வந்து தந்த பிறகு வேறு என்ன சொன்னாலும் அவன் கேட்பான்.