விராலுக்குக் கெண்டைத் தீவனம் போடலாமா?

கேள்வி: கொல்லையில் தார்ப்பாய்த் தொட்டி கட்டி 300 விரால் குஞ்சு விட்டிருக்கிறேன். விரால் தீவனம் கிலோ 110 ரூபாய். அதே கடையில் கெண்டைத் தீவனம் 55 ரூபாய். "இதையும் நல்லாத்தான் திங்கும்" என்கிறார் கடைக்காரர். ஒரு வாரம் போட்டேன், தின்னவும் செய்கிறது. பாதி விலையில் வேலை முடியுமென்றால் எதற்கு 110 கொடுக்க வேண்டும்?

பதில்: தின்னும். அதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தின்றது சதையாகிறதா என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கெண்டைத் தீவனத்தின் மலிவுக்குக் காரணம் அதிலுள்ள தவிடு, சோளம், கோதுமை. ரோகு, கட்லா போன்றவை மாவுச்சத்தை ஓரளவு சமாளித்துவிடும். விரால் போல இரை பிடித்துத் தின்னும் மீன்களின் உடம்பு அப்படி இல்லை. இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்டது ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன். மாவு மிகுந்த தீவனம் தின்ற ட்ரவுட்டின் ரத்தத்தில் ஏறிய சர்க்கரை இறங்கப் பல மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாளையும் தாண்டும்.

இன்சுலின் இல்லாததால் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். இன்சுலின் எந்தத் திசுவில் சுரக்கிறது என்பதை 1922இல் டொரொண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியோட் உறுதிசெய்ததே மீன்களை வைத்துத்தான். சில மீன்களில் அந்தத் திசு மட்டும் கணையத்தை விட்டுப் பிரிந்து தனிக் கட்டியாக இருக்கும், அதனால் பிரித்தெடுக்க வசதி. சிக்கல் வேறு இடத்தில். இந்த மீன்களில் இன்சுலினைச் சுரக்கவைப்பதில் சர்க்கரையைவிடப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களுக்குத்தான் வேகம் அதிகம். தசையும் சர்க்கரையை மெதுவாகத்தான் இழுக்கும். போதாததற்குக் கல்லீரல், ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும்போதும் தன் பங்குக்குப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். மேல்தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை என்ற கதைதான். மிஞ்சுவது கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகக் கல்லீரலில் சேர்ந்து, கல்லீரல் வெளிறிப்போய் வீங்கும்.

அதற்காக மாவே ஆகாது என்றும் இல்லை. கொஞ்சம் மாவு, அதுவும் வெந்த மாவு, புரதத்தை எரிபொருளாகச் செலவழிக்காமல் மிச்சம் பிடிக்க உதவும். ட்ரவுட்டுக்கு 20 சதவீதத்துக்குள் நிறுத்துவது வழக்கம். மிதக்கும் தீவனம் பொரிந்து மிதப்பதே மாவினால்தான். ஆகவே "மாவே இல்லாத மிதவைத் தீவனம்" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரி, மூட்டையில் என்ன பார்ப்பது? புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். மாவுச்சத்து பெரும்பாலும் இருக்காது. நீங்களே கழித்துப் பாருங்கள். புரதம் 28, கொழுப்பு 4, நார் 6, ஈரம் 11, சாம்பல் (எரித்தால் மிஞ்சும் தாதுக்கள்) 12 என்றால் கூட்டினால் 61. நூறில் மீதி 39, அதில் பெரும்பகுதி மாவு. அதே கணக்கில் புரதம் 42, கொழுப்பு 8, நார் 4, ஈரம் 10, சாம்பல் 14 உள்ள மூட்டையில் மீதி 22 தான். சாம்பல் அளவு போடாவிட்டால் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள், தோராயத்துக்குப் போதும்.

புரத எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கித்தான் அந்த எண் வருகிறது. நைட்ரஜன் நிறைந்த யூரியாவை ஒரு கிலோ கலந்தால் ஏறக்குறைய 2.9 கிலோ புரதம்போலக் கணக்கில் ஏறிவிடும். பெயர் தெரியாத மூட்டையில் 45 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் இருந்து, விலை மட்டும் சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

விலையைக் கிலோ தீவனத்துக்குப் பார்க்காமல் கிலோ மீனுக்குப் பாருங்கள். ஒரு கிலோ எடை கூட மலிவுத் தீவனம் 3 கிலோ பிடித்தால் செலவு 165 ரூபாய். 110 ரூபாய்த் தீவனம் 1.4 கிலோவில் முடிந்தால் 154. இவை உதாரணக் கணக்குதான், உங்கள் தொட்டியின் எண் வேறாக இருக்கும். 15 நாளுக்கு ஒருமுறை 20 மீனைப் பிடித்து எடை போட்டு, போட்ட தீவனத்தையும் குறித்து வைத்தால் அது தெரிந்துவிடும். மலிவுத் தீவனத்தில் மீன் வளர நாளாகும், கழிவு கூடித் தண்ணீரும் கெடும். அந்தச் செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். மாவுத் தீவனம் தின்ற பண்ணை மீனைச் சாப்பிட்டால் சுகர் ஏறுமா?

பதில்: ஏறாது. மீன் சதையில் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தீவனத்தால் மாறுவது சதையிலுள்ள கொழுப்பின் அளவும் வகையும்தான். வறுக்கும்போது மேலே தடவும் மைதா, சோளமாவு, அப்புறம் குழம்புக்குப் போட்டுக்கொள்ளும் சோறு, இவற்றைக் கணக்கில் வையுங்கள்.